வேலைக்காக ஆடும் லீக்

சென்னை கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் சீனியர் டிவிஷனுக்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று வரிசையாக இறங்கும் பிரிவுகள் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பையன்களில் பலர் முதன்முதலாக ஒரு கிளப்புக்குக் கையெழுத்துப் போடுவது இந்தக் கீழ்ப் பிரிவுகளில்தான். ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா செய்தால் ஒன்று. சீசன் முடிவில் முன்னால் நிற்பவர்கள் மேலே போவார்கள், கடைசியில் நிற்பவர்கள் கீழே இறங்குவார்கள்.

இந்த எளிய விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு தெருவின் பையன்கள் சேர்ந்து அமைத்த அணி, புள்ளியை மட்டும் நம்பி ஒவ்வொரு பிரிவாக ஏறி வர முடியும். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) அந்த வழி பல ஆண்டுகள் இல்லை. பணம் கட்டி உரிமம் வாங்கிய அணிகள்தான் அங்கே ஆடின. கடைசி இடத்துக்கு வந்தாலும் யாரும் வெளியேறாமல் பல சீசன்கள் நடந்தன.

ஆனால் கீழே நியாயமாக இருக்கும் விதி மேலே போகப் போகக் காணாமல் போகிறது. சென்னை சிட்டி எஃப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ-லீக் என்ற தேசிய லீக்குக்குள் அது வந்தது அதன் இரண்டாம் டிவிஷனில் ஆடி ஏறி அல்ல, 2016-17 சீசனுக்கு நேரடியாகக் கிடைத்த இடத்தில். 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளோடு பட்டம் பெற்றது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அப்படி ஒரு சீசன் ஆடிய அணிக்கு ஐஎஸ்எல்லில் இடம் இல்லை, ஏனென்றால் அன்று அப்படி ஒரு விதியே இல்லை. ஐ-லீக் சாம்பியன் முதன்முதலாக மேலே போனது 2023இல், அதுவும் பஞ்சாப் அணி. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போயிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியதும் அதைக் காப்பாற்றவில்லை.

மேலே கதவு இப்படி இருக்க, கீழ்ப் பிரிவுகளில் பையன்கள் எதற்காக ஓடுகிறார்கள்? பெரும்பாலும் வேலைக்காக. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏஜி அலுவலகம்: சென்னைக் கால்பந்தைப் பல பத்தாண்டுகள் தாங்கியவை இந்த அலுவலக அணிகள்தான். கணக்கு எல்லோருக்கும் தெரியும். லீக்கில் கண்ணில் பட வேண்டும், மாநில முகாமுக்குப் போக வேண்டும், மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபி ஆட வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பிக்கலாம்.

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் போனால் எந்த கிளப்பும் சம்பளம் தராது, ரயில்வே தரும். ஓட்டம் நின்ற பிறகும் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் அது அந்த வேலையால். தொழில்முறை ஒப்பந்தம் எதுவும் நம் ஊர் ஆட்டக்காரனுக்கு இவ்வளவு நீண்ட பாதுகாப்பைக் கொடுத்ததில்லை.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. லீக் ஒரு தேர்வு வரிசையாக மாறிவிடுகிறது. வேலை கிடைத்தவன் நிம்மதி அடைகிறான், கிடைக்காதவன் இருபத்தைந்து வயதில் பூட்ஸைத் தூக்கி வைக்கிறான். அலுவலகம் சில வருடம் ஆள் எடுக்காவிட்டால் அணிக்கே வயதாகிவிடும். போட்டியும் சமமில்லை. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வருபவன் ஒரு பக்கம். மறுபக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் முடித்து, மேஸ்திரியிடம் கெஞ்சி அரைமணி முன்னால் கிளம்பி, பட்டறைவாக்கத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி பெரியமேட்டு மைதானத்துக்கு வேகமாக நடக்கும் பையன். சாப்பிடாமல் வந்து எழுபதாவது நிமிடத்தில் அவன் தசை பிடித்து உட்காரும்போது, கேலரியில் ‘ஸ்டாமினா இல்லை’ என்கிறார்கள். இல்லாதது ஸ்டாமினா அல்ல.

மேற்குப் புறநகரின் சிக்கலில் பாதி இந்தத் தூரம்தான். இன்னொரு பகுதி மாவட்ட எல்லை. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே இருக்கின்றன. திருமுல்லைவாயலில் ஒன்றாகப் பந்தாடும் இரண்டு பேர், மாவட்டத் தேர்வு என்று வந்தால் முகவரியைப் பார்த்துப் பிரிய வேண்டியிருக்கும். மைதானமே இல்லாத பகுதியும் அல்ல இது. ஆவடியின் நல்ல திடல்களில் சில பாதுகாப்புத் துறை வளாகங்களுக்குள், காவல் இருக்கும் வாயில்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

சம்பளம் கொடுத்து லீக் நடத்தச் சங்கத்திடம் இன்று பணம் இருக்காது. அதைக் கேட்பதில் பயனில்லை. முடிவதைக் கேட்கலாம். சீசன் தொடங்கும் முன்பே அட்டவணை முழுவதையும் வெளியிட்டால், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு தொழிலாளிக்கு அவகாசம் கிடைக்கும். கீழ்ப் பிரிவு ஆட்டங்களில் ஒரு பகுதியை, அந்தப் பாதுகாப்புத் துறைத் திடல்களுக்கு அனுமதி பெற்று, ஆவடியிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தலாம். வீட்டுக்காரர்களும் தெருக்காரர்களும் நடந்தே வந்து பார்ப்பார்கள். தன் ஊர் அணி என்று சொல்லி நிற்க நூறு பேர் சேர்ந்துவிட்டால், ஜெர்சிக்கும் பந்துக்கும் பயணச் செலவுக்கும் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு பட்டறை முதலாளியிடம் கேட்க அந்த கிளப்புக்கு முகம் இருக்கும்.