கவியரங்கும் இளையோர் குரலும்

கண்டி மலைச்சாரலிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழகத்தினின்றும் வந்த மக்கள் தெம்மாங்கையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் உடன் கொணர்ந்தனர். பின்னர்த் தேயிலை வந்தது; கங்காணியும் பிரட்டுக்களமும் லயமும் பாட்டினுட் புகுந்தன. எழுத்தறியாதோர் தம் துயரையும் எள்ளலையும் வாய்மொழியாகவே வெளியிட்டனர். அப்பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் குறிப்பிடத்தக்கவர் ஸி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தவர் அவர். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்களுக்கு அப்பாடல்களே நெஞ்சைத் திறந்துரைக்கும் வாயில்களாயின.

அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று கல்லூரிக் கவியரங்குகளில் ஏறுகின்றனர். ஆங்கு நிகழ்வது யாது? தலைவருக்கு வணக்கம், அவையடக்கம், தமிழன்னை வாழ்த்து ஆகியவை முறைப்படி முடிகின்றன. எதுகையும் மோனையும் வழுவாது ஒலிக்கின்றன. கைதட்டல் எழும் இடமறிந்து அடியை இருமுறை கூறும் சாதுரியமும் இளமையிலேயே கைவந்துவிடுகின்றது. பாடுவோனின் உள்ளம் மட்டும் வெளிப்படக் காணோம். குற்றம் இளைஞனதன்று. வீட்டிற் பேசும் மொழி மேடைக்கு ஏலாது என்று அவனுக்குக் கற்பித்தோர் பிறர்.

யாப்பே தடை என்பாருமுளர். அது பொருந்தாது. 'மகாகவி' எனும் து. உருத்திரமூர்த்தி (1927–1971) யாப்பைக் கைவிடாமலே பேச்சோசையைச் செய்யுளில் அமைத்துக் காட்டினார். இ. முருகையனும் (1935–2009) அந்நெறி நின்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த எம். ஏ. நுஃமான் இப்பண்பினைத் திறனாய்வுவழி விளக்கியுள்ளார். இத்தகைய கவிதைகளைச் சீர்சீராக முறித்து ஓதுதல் கூடாது; பொருள் முடியுமிடத்து நிறுத்தி, ஒருவரோடு உரையாடுவதுபோற் சொல்லல் வேண்டும். மாணவர்க்கு முதற்கண் இப்பயிற்சியையே அளித்தல் தகும். விருத்தம் பாடப் பழக்குவது அதன் பின்னர் ஆகலாம்.

மனத்திற் பட்டதையெல்லாம் கொட்டிவிடுதலும் கவிதையாகாது. தோட்டத்துப் பாடல்களிலும் கட்டுப்பாடு உண்டு: விளி, வினா, மீண்டும் வரும் அடி என்பன கேட்போரைப் பிடித்து நிறுத்துவன. ஒப்பாரி வைக்கும் பெண் இறந்தாரை விளித்தே, இருக்கின்ற உறவினர் தனக்கிழைத்த குறைகளையும் சபையறியச் சொல்லிவிடுகின்றாள். அவள் பிள்ளை கவியரங்கிற் சந்திரனை வருணித்துவிட்டு அமர்ந்துகொள்கின்றான்.