இரண்டாம் தொடுதல்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அதனுள் சென்று படமெடுத்தவர்களுள் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 2013இல் கரண் பாலி உருவாக்கிய 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்னும் ஆவணப்படம் அவரை மறதியினின்று மீட்டது. அதற்காக நாம் நன்றி கூறுவோம். ஆயினும் அத்தலைப்பு அவரைச் சென்னையோடு நிறுத்திவிடுகிறது. அவரது தமிழ்ப் பணி நிறைவுற்றது நம் சேலத்தில். ஆவணப்படக் கலைஞராக அவர் நிலைபெற்றதோ தம் தாயகத்தில். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அவர் கலை நமக்கு விளங்காது.

ஓஹியோ மாநிலத்துப் பார்ட்டனில் 1909இல் பிறந்த டங்கன், உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தார். எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதிலீலாவதி' (1936), எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' (1945) ஆகியவற்றை இயக்கினார். 1950இல் 'மந்திரிகுமாரி', 'பொன்முடி' இரண்டும் சேலத்தில் உருவாயின. அவரை இங்கு அழைத்த டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று தம் மண்ணுக்கே திரும்பியவர்.

டங்கனின் வலிமை கண்ணில் இருந்தது. 'மீரா'வுக்காக எம்.எஸ்.ஸின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மீது ஒளி விழும் விதங்களை அவர் ஆராய்ந்தார். முகத்தை அத்தனை பொறுமையோடு கற்றவருக்கு அம்முகம் பேசிய மொழி இறுதிவரை வசப்படவில்லை. தமிழ் வசனத்தின் ஏற்ற இறக்கங்களை அவர் பிறர் துணையோடுதான் அறிந்தார். அவர் படங்களில் ஒளி உயிர்ப்புடன் அசைய, உரையாடல் பல இடங்களில் மேடை நாடகமாகவே நின்றுவிடுகிறது.

இங்கே மற்றோர் அந்நியர் நினைவுக்கு வருகிறார். 1623ஆம் ஆண்டளவில் மதுரையினின்று புறப்பட்டுச் சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, முதலில் நம் மொழியைக் கற்றார், பின்னரே பேசினார். அவர் செவியால் நம்மிடம் வந்தார். டங்கன் கண்ணால் வந்தார்.

1950இல் இந்தியாவை விட்டகன்ற டங்கன், பிறந்த ஊருக்கு அருகே, ஓஹியோ ஆற்றங்கரையிலுள்ள மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறி, 2001இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அங்கு அவர் எடுத்தவை ஆவணப்படங்கள். அவற்றுள் 'ஃபார் லிபர்ட்டி அண்ட் யூனியன்' (1977) அம்மாநிலம் பிறந்த வரலாற்றைச் சொல்வது. நட்சத்திரமும் பெரும் புகழும் இல்லாத பணி அது. பலர் இதனைத் திரைவாழ்வின் தேய்வு என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண்ணும் செவியும் ஒன்றுகூடும் வாய்ப்பை அவருக்குத் தாய்மொழியே தந்தது.

மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தா பார்வையற்றவர், முதல் தொடுதலில் மனிதரை மரங்களைப்போல் கண்டார். இரண்டாம் தொடுதலில்தான் தெளிவாகக் கண்டார். பின்னர் ஆண்டவர் அவரை வீட்டுக்கே அனுப்புகிறார். தெளிந்த பார்வை முதலில் செல்ல வேண்டிய இடம் வீடு போலும்!

நம் பங்குகளில் இன்று கைபேசியால் படமெடுக்கும் இளைஞர் பலர் உள்ளனர். நாமக்கல்லின் கோழிப்பண்ணைத் தொழிலாளரும் லாரிப் பட்டறைகளில் உழைப்போரும், பள்ளிபாளையத்து விசைத்தறியாளரும் அவர்களுக்கு அண்டை வீட்டார். அவர்கள் பேச்சு இவர்களுக்குத் தாய்மொழி. டங்கனுக்கு இங்கே கிட்டாத செவி இவர்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அம்மக்களின் முகத்தைப் படமெடுக்குமுன் அவர்தம் சொல்லைக் கேட்டு முடிப்பார்களாக.