சத்தமில்லாத உழவு

மின்சார டிராக்டரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் டீசல் வண்டிமேல் ஏறவே மனசு வராது! சாயல்குடிப் பக்கம் என் மச்சான் சோனாலிகா டைகர் எலக்ட்ரிக் வைத்திருக்கிறார். 2020 டிசம்பரில் அறிமுகமான வண்டி. 11 கிலோவாட் மோட்டார், அதாவது சுமார் 15 குதிரைத்திறன். சின்ன வண்டிதானே என்று நினைத்துத்தான் ஏறினேன்.

"மாப்ள, பயப்படாம மிதிங்க, ஆஃப் ஆகாது" என்றார்.

அஞ்சு கலப்பையை இறக்கி மிதித்தேன். அடேயப்பா! டீசல் வண்டி உறுமி, புகை கக்கி, வேகம் பிடித்த பிறகுதான் இழுவை கொடுக்கும். மோட்டாருக்கு அந்தத் தாமதமே கிடையாது. நின்ற இடத்திலேயே முழு இழுவை. காய்ந்த புஞ்சை மண் பொலபொலவென்று புரண்டது. கொழு ஒரு சரளைக்கல்லில் உரசிய சத்தம்கூடக் காதில் விழுந்தது. பின்னால் கொத்திக்கொண்டே வந்த கொக்குகள் வண்டியை ஒட்டியே நடந்தன. ஸ்டீயரிங்கில் அதிர்வில்லை. மூக்கில் மண்வாசனை மட்டும்தான்!

செலவைக் கேட்டால் இன்னும் சந்தோஷம். பேட்டரி 25.5 யூனிட் கொள்ளும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு முழு சார்ஜ் கிட்டத்தட்ட மூணு லிட்டர் டீசல் காசுதான். இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், நாசில் என்ற பேச்சே இல்லை. வீட்டு பிளக்கில் ராத்திரி செருகினால் பத்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். வேக சார்ஜர் இருந்தால் நாலே மணி நேரம்.

இதற்கு நம் ராமநாதபுரத்தைவிடப் பொருத்தமான மண் எது, சொல்லுங்கள்! வெயிலுக்கா இங்கே பஞ்சம்? 2016-லேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது. நம் வெயிலில் பிறந்த மின்சாரம் நம் முண்டு மிளகாய்க் கொல்லையை உழட்டுமே!

சேற்று உழவுக்கும் பெரிய ரோட்டவேட்டருக்கும் இந்த வண்டி பத்தாது. அதற்குப் பெரிய மின்சார வண்டிகள் வரவேண்டும். கொல்லையில் பிளக்கும் கிடையாது, சார்ஜுக்கு ஊருக்குள்தான் வரவேண்டும். ஆனால் மானாவாரிப் புழுதி உழவுக்கும், மிளகாய் மூட்டை ஏற்றிப் போகவும் இது போதும், தாராளமாகப் போதும். நானும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியதும் சொல்கிறேன், வந்து ஓட்டிப் பாருங்கள்.