மருத்துவத் தமிழும் உழைக்கும் பெண்ணுடலும்: பூநகரியை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

மருத்துவத் தமிழின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாமுவேல் பிஸ்க் கிறீனிலிருந்து தொடங்குவது வழக்கம். அது நியாயமானதே. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராகப் பயிற்றிய இந்த அமெரிக்க மிசன் மருத்துவர், டப்ளின் மருத்துவர் மோன்செலின் மகப்பேற்று நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ என 1857 இல் தமிழிலே தந்தவர். ஆயினும் அவரது பணியை மொழிச் சாதனையாக மட்டும் போற்றும் நமது ஆய்வு மரபு ஒரு வினாவை எழுப்பத் தவறிவிட்டது. அந்தத் தமிழ் யாருடைய வாயில் வழங்கியது? இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட நோயை முன்வைத்து நோக்க முற்படுகிறோம்.

கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தொட்டில்போல் தாங்கி நிற்பவை இடுப்புத்தளத் தசைகள். மகப்பேற்றின்போது இவை விரிந்து நலிவுறுகின்றன. சிலவேளை கிழிந்தும் போகின்றன. ஓய்வின்றிப் பாரந்தூக்கல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் திசுத் தளர்ச்சி ஆகியன அந்நலிவை வளர்க்கின்றன. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. அல்லது கருப்பை கீழிறங்கி வெளித்தள்ளுகிறது. மக்கள் வழக்கில் இது அடி தள்ளுதல் எனப்படும். நீண்ட நேரம் தடைப்பட்ட பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்குமிடையே துளை விழுந்து சிறுநீர் ஓயாது ஒழுகுதல் இவற்றினின்றும் வேறானது, கொடியது.

இத்துளையை மூடும் சத்திரசிகிச்சையின் வரலாறு நமது வாதத்துக்கு இன்றியமையாதது. கிறீன் மானிப்பாயில் பணியாற்றத் தொடங்கிய அதே காலப்பகுதியில், 1845 முதல் 1849 வரை, அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்பார் அனார்க்கா, பெற்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில், மயக்கமருந்தின்றித் திரும்பத் திரும்பக் கத்திவைத்தே அம்முறையைக் கண்டறிந்தார். 1852 இல் அது கட்டுரையாக வெளிவந்தது. நியூயோர்க்கில் நின்ற அவரது சிலை அகற்றப்படுவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவியல் வர்க்கங்கடந்த தூய அறிவு என்போர் இவ்வரலாற்றுக்கு முகங்கொடுத்தல் வேண்டும்.

கிறீனை இவ்வரிசையில் நிறுத்துவது அநீதி. தாய்மொழியிற் கற்றவரே தம் மக்களிடையே நிலைத்திருந்து பணிபுரிவர் எனக் கண்டவர் அவர். எனினும் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என அவரது குழு ஆக்கிய சொற்களைப் பாருங்கள். வடமொழி வேரினின்றும் ஆக்கப்பட்ட இவை கற்ற ஆடவர் நாவிற்கே உரியன. அவரிடம் பயின்றோரும் ஆடவரே. மருத்துவிச்சியும் அவள் பேறுபார்த்த பெண்ணும் வழங்கிய சொற்கள் அந்நூல்களின் வாசலிலேயே நின்றுவிட்டன. 1870 இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி தோன்றியபின் அத்தமிழுக்கு உயர்தொழிலில் இடமில்லாது போயிற்று. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை அமைந்தமை பெரும்பேறு. ஆயினும் சொற்களின் இப்பிளவு அதனால் நீங்கிவிடவில்லை.

இனிப் பூநகரிக்கு வருவோம். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன இம்மண் மழையை நம்பியது, ஒருபுறம் கடனீரேரி. நிலத்தடி நீர் பலவிடத்தும் உவராதலின் குடிநீரைத் தொலைவிலிருந்து கொணர்தல் நெடுங்காலமாகப் பெண்களின் வேலையாக இருந்துவந்துள்ளது. பன்னிரண்டு லீற்றர் கொள்ளும் குடம் இடுப்பிலேறும்போது அது பன்னிரண்டு கிலோ பாரம். நாற்று, களை, அரிவு வெட்டு, கருவாடு எனத் தொடரும் வேலைகளை இதனோடு கூட்டுக. 2008 இன் இறுதியில் இடம்பெயர்ந்து, 2009 மே வரை மூட்டையும் பிள்ளையுமாக நடந்து, பின்னர் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்ட பெண்களுள் வழியிலேயே பிள்ளை பெற்றோருமிருந்தனர்.

நம் சமூகத்தில் பிரசவத்தின்பின் முப்பத்தொரு நாள் துடக்கு உண்டு. காயச்சரக்கு, வயிற்றுக்கட்டு, அடுப்படிக்குப் போகாமை என்பன அதனுடன் சேர்ந்தவை. பெண்ணைத் தீண்டத்தகாதவளாக ஒதுக்கும் கருத்துநிலை இது என்பதில் ஐயமில்லை. ஆனால், நலிந்த தசை மீள்வதற்கு வேண்டிய ஓய்வு இத்தீட்டின் பெயராலேயே அவளுக்குக் கிட்டிற்று என்ற முரணையும் நாம் மறைத்தலாகாது. அவ்வோய்வும் மாற்றுக் கைகள் உள்ள வீட்டுக்கே உரியது. கூலிக்காரியின் துடக்கு நெல் முற்றும் நாளுக்கு முன்பே கழிந்துவிடும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டு எண்பத்துநான்கு நாள் விடுமுறையை விரிவாக்கியது. தன் குடும்ப வயலில் உழைப்பவளுக்கு அது எட்டாக்கனி.

‘அந்தக் காலத்துக் கிழவிகள் மூட்டை சுமந்தும் இந்நோய் அறியாதிருந்தனர்’ என்றொரு கூற்று நம்மிற் படித்தோரிடையேயும் உலவுகிறது. அவர்கள் அறியாதிருந்தனரல்லர், சொல்லாதிருந்தனர். நமது புனைகதையும் இதற்குத் துணைநின்றது. வயற்காட்டுப் பெண்ணின் வியர்வையை எழுதிய முற்போக்கு எழுத்துக்கூட, அவளது தாய்மையைப் பிள்ளையின் முதலழுகையோடு முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுதி புதிய வாசல் ஒன்றைத் திறந்தது. அதன்பின் பெண்ணுடல் கவிதையின் பொருளாயிற்று. ஆயினும் காமத்தையும் வன்முறையையும் பற்றி விரிவாகப் பேசிய அக்கவிதை, சேலையின் உட்புறத்தில் மடித்த பழந்துணியைப் பற்றி அரிதாகவே பேசிற்று. விமரிசகராகிய நாமும் அதனைக் கேட்கவில்லை.

இவையெல்லாம் தீராத நோய்களுமல்ல. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னோல்ட் கெகல் 1948 இல் அறிமுகஞ் செய்தார். நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டுமுறையேனும், மூன்று மாதமாவது செய்துவரின் கசிவு பலருக்குக் குறைகிறது. தொடக்கநிலை இறக்கத்துக்கும் பயன்படுகிறது. இறங்கிய கருப்பையை வளையமிட்டுத் தாங்கலாம்; முற்றியதைச் சத்திரசிகிச்சையாற் சீராக்கலாம். 1996 முதல் ‘சுவநாரி’ எனும் பெண்கள் நலச் சிகிச்சை நிலையங்கள் நாட்டில் இயங்குகின்றன. 2024 மே மாதத்தில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியுடன் பெண்கள் நலச் சிறப்பு மையமொன்றும் திறக்கப்பட்டது.

கட்டடம் பூநகரிக்குக் கிட்ட வந்துவிட்டது. சொல் இன்னும் வரவில்லை. ‘சிறுநீர்க் கட்டுப்பாடின்மை உண்டா?’ என்று ஒரு படிவம் கேட்குமாயின் ‘இல்லை’ என்றே விடை வரும். வீட்டுப் படலையில் நின்று குடும்பநல உத்தியோகத்தர், ‘அக்கா, இருமேக்கை சலம் போறதோ?’ என்று கேட்கையில், சற்றுநேர மௌனத்தின்பின் வேறு விடை வரக்கூடும். அவ்வினாவைத் தமிழ்ப் பாடநூலில் எழுத நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தயக்கம்.