திரும்பினார்களா, திருப்பினார்களா?

ஆங்கிலத்தில் ஒருவர் 'ரிட்டர்ன்' ஆனார் என்றால் தம் காலால் திரும்பினார். 'ரிபேட்ரியேட்' செய்யப்பட்டார் என்றால் சர்க்கார் அனுப்பி வைத்தது. 1964-ம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. வந்தவர்களில் பலர் நெல்லியாளத்துத் தேயிலை மலைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். சர்க்கார் காகிதம் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. நம் கதாசிரியர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இலங்கை லயத்தில் பிறந்து, கண்ணால் கண்டிராத ஊருக்கு ஒருவர் எப்படி ஐயா திரும்புவார்?

தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் இங்கே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்: திரும்பு, திருப்பு. அந்த எழுத்து மாறியதில் அனுப்பியவன் மறைந்துபோனான். கதை எழுதுகிறவன் அவனைத் தேடிப்பிடித்து எழுவாயாக நிறுத்த வேண்டாமா?