விலையும் பெறுமதியும்: 'மனிபோல்' நூல் குறித்த ஒரு மறுநோக்கு

விளையாட்டு வீரர் ஒருவரின் ஆற்றலுக்கு விலை குறிப்பது எங்ஙனம் என்னும் வினா, மைதானத்தின் எல்லையோடு அமைந்துவிடுவதில்லை. உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவு பற்றிய வினாவாகவும் அது விரிவடைகின்றது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கல் லூயிஸ் 2003 இல் வெளியிட்ட 'மனிபோல்' என்னும் நூல், பேஸ்போல் ஆட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவின் ஒரு பாதிக்குத் தெளிவான விடை கூறியது. மறுபாதியைப் பற்றி அது மௌனஞ் சாதித்தது. நூலின் சிறப்பையும் குறைபாட்டையும் ஒருங்கே நோக்குவது பயனுடையது.

பேஸ்போல் ஆட்டத்தில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து அனுப்புதல் 'ஹோம் ரன்' எனப்படும். கிரிக்கெற்றில் 'சிக்ஸர்' அடிப்பதை இதற்கு ஒப்பிடலாமாயினும், பேஸ்போலில் இது மிக அரிதாகவே நிகழ்வது. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் நாற்பது ஹோம் ரன் அடிப்பவர் முன்னணி வீரராவார். தளங்களில் ஏற்கெனவே நிற்கும் சகாக்களும் அந்த ஓர் அடியினால் ஓட்டம் பெறுவதால், ஹோம் ரன் ஒன்றின் சராசரிப் பெறுமதி ஏறத்தாழ 1.4 ஓட்டம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. பந்து வீச்சாளரின் நான்கு பிழையான வீச்சுக்களை அடிக்காது விட்டு முதலாந் தளத்தை அடைவதன் பெறுமதி ஏறத்தாழ 0.3 ஓட்டமாகும். எனவே வன்மையாக அடிக்கும் வீரர்களைக் கழகங்கள் நாடியமை வெறும் கவர்ச்சியினால் மட்டும் ஏற்பட்டதன்று.

லூயிஸ் எடுத்துக்கொண்ட களம், அந்நாளில் ஓக்லண்ட் நகரைச் சார்ந்திருந்த அத்லெற்றிக்ஸ் கழகமாகும். 2002 இல் அதன் மொத்த ஊதியச் செலவு சுமார் 40 மில்லியன் டொலர். நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தினதோ அதன் மும்மடங்கு. 2001 இல் ஓக்லண்டுக்காக 38 ஹோம் ரன் அடித்த ஜேசன் ஜியாம்பியை, ஏழு வருடங்களுக்கு 120 மில்லியன் டொலர் கொடுத்து யாங்கீஸ் அழைத்துக்கொண்டது. ஓக்லண்டின் முகாமையாளர் பில்லி பீன், வன்மைக்கு வன்மை தேடி அலையவில்லை. ஆட்டமிழக்காது தளத்தை அடையும் ஆற்றல் சந்தையில் மலிவாகக் கிடைப்பதை உணர்ந்து, பிறர் கைவிட்ட வீரர்களைச் சேர்த்தார். அணி அவ்வாண்டு 103 ஆட்டங்களில் வென்றது. தொடர்ச்சியாக இருபது வெற்றிகளையும் ஈட்டியது. பழக்கத்தால் வந்த மதிப்பீடுகளைப் புள்ளிவிபரங்களைக் கொண்டு சோதித்தல் வேண்டும் என்ற அறிவியல் நோக்கினை எளிய நடையில் பரப்பியமை இந்நூலின் நிலையான சாதனை எனலாம்.

எனினும் நூலின் வாதத்தை அதன் களத்திலேயே வைத்துச் சோதிக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. இருபதாவது வெற்றியைத் தேடித் தந்தது, பொறுமைக்காகவே தெரிவுசெய்யப்பட்ட ஸ்கொட் ஹற்றபேர்க் அடித்த ஹோம் ரன் ஆகும். அவ்வணியின் மிகெல் தெஹாடா, எரிக் சாவேஸ் ஆகிய இருவரும் அப்பருவத்தில் தலா 34 ஹோம் ரன் அடித்தனர். தெஹாடா லீக்கின் அதிசிறந்த வீரராகத் தெரிவாயினார். ஆகவே ஓக்லண்ட் வன்மையின்றி வென்றது என்பது பொருந்தாது. வன்மைக்குச் சந்தை விலை கொடாது வென்றது என்பதே சரியாகும்.

அது எவ்வாறு இயன்றது? 1975 டிசம்பரில் வழங்கப்பட்ட நடுத்தீர்ப்பு வரை, ஒரு கழகம் தன் வீரரைத் தான் விரும்பிய காலம்வரை பிணைத்து வைத்திருக்க முடிந்தது. அத்தீர்ப்பையடுத்து 1976 இல் எய்தப்பட்ட உடன்பாடு, ஆறு வருட சேவையின் பின்னரே வீரர் தாம் விரும்பிய கழகத்துடன் பேரம்பேசலாம் என வகுத்தது. முதல் மூன்று வருடங்களில் பெரும்பாலோர் பெறுவது குறைந்தபட்ச ஊதியத்தை அண்மித்த தொகையே. தெஹாடாவும் சாவேசும் இவ்விதிக்குள் அடங்கியிருந்தனர். முகாமையாளரின் மதிநுட்பத்தை விரித்துரைக்கும் நூல், அம்மதிநுட்பம் காலூன்றி நின்ற இவ்விதியை வேண்டிய அளவு விசாரிக்கவில்லை.

இவ்விடத்திலேயே நீண்டகால ஒப்பந்தங்களின் ஆபத்து என்னும் பிரச்சினை எழுகின்றது. வன்மையாக அடிக்கும் வீரர் முப்பது வயதளவில் சந்தைக்கு வருகின்றார். அவ்வயதின் பின் மட்டையின் வேகமும் கண்ணின் கூர்மையும் குறைதல் இயல்பு. பால்ரிமோர் ஓரியோல்ஸ் கழகம் 2016 ஜனவரியில் கிறிஸ் டேவிசுக்கு ஏழு வருடங்களுக்கு 161 மில்லியன் டொலர் வழங்க உடன்பட்டது. 2018 இல் அவரது அடிச்சராசரி .168 ஆக வீழ்ந்தது; 2021 இல், ஒப்பந்தம் முடியுமுன்னரே, அவர் ஓய்வு பெற்றார். சிக்கனத்துக்குப் பேர்போன பீனும் இவ்வாபத்துக்கு விலக்கானவரல்லர். 2004 இல் அவர் சாவேசுடன் செய்துகொண்ட 66 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தின் இறுதி மூன்று பருவங்களில், உடற்காயங்களால் அவ்வீரர் மொத்தம் நூறு ஆட்டங்களிற்கூடப் பங்குபற்றவில்லை. மறுபுறம், ஆபத்தானதெனக் கருதப்பட்ட ஜியாம்பியின் ஒப்பந்தம் ஏழு பருவங்களுள் ஐந்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஹோம் ரன்களை அளித்தது. ஒப்பந்தத்தின் பயனை அதன் இறுதி வருடத்தை மட்டும் கொண்டு அளத்தல் தவறு என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொன்று. டேவிஸ் 53 ஹோம் ரன் அடித்த 2013 ஆம் ஆண்டும், 47 அடித்த 2015 ஆம் ஆண்டும் ஆறு வருட விதிக்குள் அமைந்தவை. யாங்கீஸ் கழகத்தின் ஆரன் ஜட்ஜ் 2017 இல் 52 ஹோம் ரன் அடித்தபோது பெற்ற ஊதியம், 535,000 டொலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தைச் சற்றே விஞ்சியது. ஒன்பது வருடங்களுக்கான 360 மில்லியன் டொலர் ஒப்பந்தம் அவருக்குக் கிட்டியது 2022 டிசம்பரில், முப்பதாவது வயதில். இளமையில் அறுவடையான உழைப்பின் கூலி முதுமையில் வழங்கப்படுகின்றது. வழங்கும் வேளையில் அது வீண்செலவு என நிந்திக்கப்படுகின்றது.

பணப்பலமற்ற கழகத்துக்கு ஒரு பயனற்ற ஒப்பந்தம் பல வருடச் சுமையாகும், அதனால் இளம் வீரருக்குரிய இடமும் பணமும் முடங்குகின்றன என்று மறுப்போர் கூறுவர். அது உண்மையே. பிந்திக் கொடுக்கும் கூலி யாவருக்கும் கிடைப்பதுமில்லை. ஆறு வருடம் நிறையுமுன் காயமுற்று விலகுவோர் வெறுங்கையராகவே செல்கின்றனர். ஆனால் இவ்விரு குறைகளும் காட்டுவது ஒன்றையே. பழுது நீண்ட ஒப்பந்தத்தில் மட்டும் இல்லை; ஆற்றல் உச்சத்திலிருக்கும் காலத்துக்கும் ஊதியம் உச்சமடையும் காலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியிலே அது தோன்றுகின்றது.

நூலின் போதனையைக் கழகங்கள் யாவும் கற்றுக்கொண்ட பின்னர் நேர்ந்தது கவனிக்கத்தக்கது. முப்பது வயதைக் கடந்தோருக்கு நீண்ட ஒப்பந்தம் வழங்கக் கழகங்கள் தயங்கின. 2017-18 குளிர்காலத்தில் வீரர் பலர் ஒப்பந்தமின்றி நெடுநாட் காத்திருந்தனர். பிந்திய கூலி சுருங்கியபோது முந்திய கூலி அதற்கீடாக உயரவில்லை. 2022 உடன்பாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 700,000 டொலராக உயர்த்தப்பட்டதும், திறமை மிக்க இளம் வீரர்களுக்கென 50 மில்லியன் டொலர் நிதியம் அமைக்கப்பட்டதும் இக்குறையை ஓரளவேனும் நிவர்த்திசெய்ய எழுந்த முயற்சிகளாகும். ஆறு வருட விதி மாற்றமின்றி எஞ்சியது.

நியாயமற்ற ஆட்டமொன்றில் வெல்லும் கலை என்பது நூலின் துணைத்தலைப்பு. செல்வக் கழகத்துக்கும் வறிய கழகத்துக்கும் இடையிலுள்ள அநியாயத்தை லூயிஸ் கூர்ந்து கண்டார். கழகத்துக்கும் வீரருக்கும் இடையிலுள்ள அநியாயம் அவர் பார்வைக்கு உரியவாறு அகப்படவில்லை. குறைந்த விலைக்கு வாங்கியவரின் சாதுரியத்தை மெச்சும் விமர்சனம், அவ்விலை எதனாற் குறைந்தது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவை எழுப்பிக்கொண்டு படிப்போருக்கே 'மனிபோல்' தன் முழுப் பயனையும் தரும்.