பாட்டியைக் காப்பாற்றும் 'ஐ'

ஆங்கில வகுப்பில் காற்புள்ளிக்கு ஒரு பழைய ஜோக் உண்டு. "பாட்டி, சாப்பிடலாம்" என்று கூப்பிடும் வாக்கியத்தில் அந்தக் குறியை எடுத்துவிட்டால், பாட்டியையே சாப்பிடலாம் என்று அர்த்தம் மாறிவிடும். தமிழில் இந்த ஜோக் செல்லாது. பாட்டியைச் சாப்பிட 'ஐ' உருபு வந்தே ஆகணும். நம்ம ஊர்ப் பாட்டியின் உயிர் வேற்றுமை உருபின் கையில் இருக்கிறது.

தொடக்கப்பள்ளியில் நிறுத்தக்குறி சொல்லித்தரும் முறை இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் குறை. வழக்கமான பாடம் உங்களுக்கும் தெரியும்: குறி, பெயர், வரும் இடம் என்று ஓர் அட்டவணை, கீழே குறியில்லாத ஒரு பத்தி, 'உரிய நிறுத்தக்குறிகளை இடுக'. பிள்ளை "அம்மாவும், அப்பாவும், தம்பியும் வந்தார்கள்" என்று எழுதும். அங்கே எண்ணும் வேலையை 'உம்' ஏற்கெனவே முடித்துவிட்டது. "அம்மா, அப்பா, தம்பி ஆகியோர்" என்னும்போதுதான் காற்புள்ளிக்கு உண்மையில் வேலை. இரண்டையும் அட்டவணை ஒன்றாகவே பார்க்கிறது.

பெயர்களையும் கவனியுங்கள். கால், அரை, முக்கால், முற்று: எல்லாம் நிறுத்தும் நேரத்தின் அளவுகள். 1762இல் ராபர்ட் லவுத் தன் ஆங்கில இலக்கண நூலில், ஒவ்வொரு குறிக்கும் அதற்குக் கீழுள்ளதைப் போல இரண்டு மடங்கு நேரம் என்று, இசைக்குறிகளோடு ஒப்பிட்டுச் சொன்னார். உரக்க வாசிக்க இது உதவும். ஆனால் இதை மட்டும் நம்பி எழுதும் பிள்ளை, மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் காற்புள்ளி வைக்கும்.

எங்க மேல்சித்தாமூர், ஜினகாஞ்சி மடம் இருக்கிற சமண ஊர். சமணரான பவணந்தி 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் நிறுத்தக்குறிக்கு என்று ஒரு சூத்திரமும் கிடையாது. ஓலையில் மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் செய்யுளில் எந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்பதற்கு எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறார் பவணந்தி. குறியே இல்லாத காலத்து மாணவனுக்கு அது ஒரு கருவி. 19ஆம் நூற்றாண்டில் அச்சும் உரைநடையும் பெருகியபோது, ஆறுமுக நாவலர் போன்றவர்களால் குறிகள் நிலைத்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் 'எதோடு எது சேரும்' என்ற கேள்வி சின்ன வகுப்புகளுக்கு வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் குறிகள் தானாக வேலை செய்யும். மூன்று உதாரணங்கள்:

"நேற்று வந்த மாமாவின் மகன்." வந்தது மாமாவா, மகனா? 'வந்த' என்பதற்குப் பின் காற்புள்ளி வைத்தால் மகன்.

"குமார் நான் ஜெயித்தேன் என்று சொன்னான்." ஜெயித்தது யார்? மேற்கோள்குறி போட்டால் குமார். போடாவிட்டால் அது நானாகவும் இருக்கலாம்.

"சாப்பிட்டாச்சு." கடைசியில் 'ஆ' இல்லை. கேட்கிறோமா, சொல்கிறோமா என்பதைக் காட்ட வினாக்குறியை விட்டால் வழியில்லை.

லின் டிரஸ் 2006இல் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளிப் புத்தகம் போட்டார். ஒரே வாக்கியம், குறி மாறியதும் படமும் மாறும். மாமா பஸ்ஸிலிருந்து இறங்குகிற படம் ஒன்று, மகன் இறங்குகிற படம் ஒன்று என்று தமிழிலும் வரையலாம். ஆங்கில உதாரணங்களை அப்படியே பெயர்த்தால் மட்டும் நடக்காது, பாட்டி தப்பித்துவிடுவார்.

நாற்பது நோட்டு திருத்தும் ஆசிரியருக்கு அட்டவணை வசதி என்பது புரிகிறது. ஆனால் நிரலில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் உடனே கத்தும். தாலுகா ஆபீஸில் கொடுக்கும் மனுவில் விட்டுப்போனால் யாரும் கத்த மாட்டார்கள். தப்பாகப் புரிந்துகொண்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவார்கள். அதனால் 'குறிகளை இடுக' என்பதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும்: இந்தக் குறியை எடுத்துவிட்டால் அர்த்தம் மாறுமா? மாறாது என்று பிள்ளை சரியாகச் சொன்னால், அதற்கும் மார்க் போடுங்க.